ஜே1979 ஸ்கேன் டூலை ஜே1979-2க்கு மாற்றுவது எப்படி

அமெரிக்காவில் 1996 மாடல் ஆண்டு முதல் விற்கப்படும் ஒவ்வொரு பெட்ரோல் காரிலும், ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் கொண்ட ஓ.பி.டி. (வண்டி தன் பழுதைத் தானே கண்காணிக்கும் அமைப்பு) போர்ட் இருக்கிறது. புகைச் சோதனை நிலையமாக இருந்தாலும் தெருமுனை மெக்கானிக்காக இருந்தாலும், செக் என்ஜின் விளக்கு ஏன் எரிகிறது என்பதை அதில் ஸ்கேன் டூலைச் செருகித்தான் கேட்டறிகிறார்கள். போர்ட்டின் வடிவம் இன்றுவரை மாறவில்லை. அதன் வழியே பேசப்படும் மொழிதான் இப்போது இரண்டாம் முறையாக மாறுகிறது. முதல் மாற்றம் கம்பியில் நடந்தது: ஃபோர்டுக்கு ஒன்று, ஜெனரல் மோட்டார்ஸுக்கு ஒன்று, ஐரோப்பிய, ஆசிய வண்டிகளுக்கு வேறு என்று பிரிந்து கிடந்த வழிகள் 2008 மாடல் ஆண்டில் கேன் என்ற ஒரே வழிக்கு வந்து சேர்ந்தன. இப்போதைய மாற்றம், அந்தக் கம்பியில் ஓடும் கேள்வி பதிலில் நடக்கிறது.

இதுவரை கேள்வி பதிலின் இலக்கணமாக இருந்தது, வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்.ஏ.இ.யின் ஜே1979 தரநிலை. மோட் 01 முதல் 0ஏ வரை பத்து மோட்கள், அதாவது கேள்வி வகைகள். ஓர் அளவீட்டைக் குறிக்க ஒரு பைட். ஒரு பழுதுக் குறியீட்டைக் குறிக்க இரண்டு பைட். முப்பது ஆண்டுகளுக்கு முன் தாராளமாகத் தெரிந்த இந்த இடம், டீசல் வடிகட்டிகளும் ஹைபிரிட் வண்டிகளும் நைட்ரஜன் ஆக்சைடு சென்சார்களும் வந்த பிறகு நிரம்பிவிட்டது. ஆகவே கலிபோர்னியாவின் காற்று வள வாரியம், 1968.2 என்ற தன் ஓ.பி.டி. விதியைத் திருத்தி, 2021இல் வெளியான ஜே1979-2ஐ 2023 மாடல் ஆண்டிலிருந்து விரும்பினால் பயன்படுத்தலாம் என்றும், 2027 மாடல் ஆண்டிலிருந்து பயன்படுத்தியே ஆக வேண்டும் என்றும் வகுத்தது. புதியது என்று சொன்னாலும், இது தயாரிப்பாளர்கள் தங்கள் பட்டறைகளில் நெடுங்காலமாகப் பயன்படுத்திவரும் யு.டி.எஸ். என்னும் ஐ.எஸ்.ஓ. 14229 மொழியின் மேல் கட்டப்பட்டதே.

சென்னையிலும் கோவையிலும் அமர்ந்து அமெரிக்க வாடிக்கையாளருக்காக இத்தகைய மென்பொருள் எழுதுவோருக்கு, ஏற்கெனவே ஜே1979 பேசும் ஒரு கருவியை எப்படி மாற்றுவது என்பதைப் படிப்படியாகச் சொல்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம். ஜே1939 பேசும் கனரக லாரிகளின் வழி வேறு. அதை இங்கே தொடவில்லை. பதினறும எண்களில் வரும் எழுத்துகளை ஏ, பி, சி, டி, இ, எஃப் என்று தமிழிலேயே எழுதியிருக்கிறேன். முதல் இரண்டு வரிகளில் கண் உறுத்தும், பிறகு பழகிவிடும்.

முதலில், எந்த மொழி என்று கேளுங்கள்

பழைய மொழியை அகற்றிவிட்டுப் புதியதை வைப்பது இங்கே பேச்சுக்கே இடமில்லாத யோசனை. 1996 வண்டியும் 2027 வண்டியும் ஒரே நாளில் ஒரே சோதனை நிலையத்துக்கு வரும். எனவே கருவி இரண்டையும் பேச வேண்டும். வண்டி எதைப் பேசுகிறது என்பதைத் தானே கண்டுபிடிக்கவும் வேண்டும். மாடல் ஆண்டை வைத்து முடிவு செய்யாதீர்கள். 2023 முதல் 2026 வரையிலான ஆண்டுகளில், ஒரே ஆண்டில் வெளிவந்த வண்டிகளிலேயே இரண்டு மொழியும் இருக்கலாம்.

வழக்கம்போல 6, 14 ஆகிய பின்களில் கேன் வேகத்தையும் 11 பிட், 29 பிட் முகவரிகளையும் கண்டறிந்த பிறகு, அனைவருக்கும் பொதுவான முகவரியான 7டிஎஃப்க்கு 22 எஃப்8 10 என்று அனுப்புங்கள். நெறிமுறை எது என்று கேட்கும் கேள்வி அது. 62 எஃப்8 10 01 என்று பதில் வந்தால் வண்டி ஜே1979-2 பேசுகிறது. பழைய மொழிக்கான கேள்வியாகிய 01 00ஐயும் அனுப்புங்கள். அதற்கு 41 00 என்று தொடங்கும் பதில் வந்தால் பழைய வழியிலேயே தொடருங்கள். இரண்டுக்கும் பதில் இல்லை என்றால், பழைய கே-லைன், ஜே1850 வழிகளையும் முயன்று முடித்த பிறகு, “வண்டியுடன் தொடர்பு கிடைக்கவில்லை” என்று வெளிப்படையாகத் திரையில் எழுதுங்கள்.

இந்தக் கடைசி வாக்கியத்தை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. நான் பார்த்த ஒரு பழைய கருவியில், பழுதுக் குறியீடுகளைக் கேட்கும் மோட் 03 என்ற கேள்விக்கு உரிய நேரத்துக்குள் பதில் வராவிட்டால் பழுதுகளின் எண்ணிக்கை பூஜ்ஜியம் என்று எடுத்துக்கொள்ளும்படி யாரோ எழுதி வைத்திருந்தார்கள். பல ஆண்டுகள் அது யாருக்கும் தெரியாமலே ஓடியிருக்கிறது. புதிய மொழி பேசும் மாதிரி இ.சி.யு. (வண்டியின் கட்டுப்பாட்டுக் கணினி) ஒன்றை மேசையில் இணைத்தபோது, எதிரே எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டிருக்க, கருவியோ பச்சை நிறத்தில் “பழுது ஏதுமில்லை” என்று காட்டியது.

அங்கே நடந்தது இதுதான். யு.டி.எஸ். விதிப்படி, பொது முகவரிக்கு வரும் ஒரு கேள்வி தனக்குப் புரியாவிட்டால் இ.சி.யு. மறுப்புக்கூடச் சொல்லாமல் மௌனமாக இருக்க வேண்டும். அதே கேள்வியைக் குறிப்பிட்ட இ.சி.யு.வின் முகவரியான 7இ0க்கு அனுப்பியிருந்தால் 7எஃப் 03 11, அதாவது “இந்தச் சேவை என்னிடம் இல்லை” என்ற பதில் வந்திருக்கும். பழைய மொழியிலும் கேன் வண்டியில் பழுது இல்லை என்பதற்கு 43 00 என்ற திட்டவட்டமான பதில் உண்டு. புதிய மொழியில் 59 42 33 என்று தொடங்கி, இரண்டு மாஸ்க் பைட்டுகளும் (எந்தெந்த பிட்டுகள் கணக்கில் வரும் என்று காட்டுபவை) 04 என்ற வடிவ எண்ணும் சேர்ந்து ஆறு பைட்டோடு முடியும் பதிலே பழுது இல்லை என்பதன் அடையாளம். இந்த ஆறு பைட் கைக்கு வந்தால் ஒழியப் பச்சை நிறம் காட்டாதீர்கள். உங்கள் குறிமுறையில் பதில் வராத நிலையைப் பூஜ்ஜியமாக மாற்றும் இடங்கள் எங்கெங்கே உள்ளன என்று தேடுவதையே முதல் நாள் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

எளிய பகுதி: அளவீடுகள்

நேரடி அளவீடுகளைப் பொறுத்தவரை மாற்றம் ஏறக்குறைய இயந்திரத்தனமானது. கூலன்ட் வெப்பநிலையைக் கேட்க முன்பு 01 05 என்று அனுப்பினீர்கள். 41 05 82 என்று வந்தது. 82 என்ற பதினறும எண் 130, அதில் 40ஐக் கழித்தால் 90 டிகிரி செல்சியஸ். இப்போது 22 எஃப்4 05 என்று அனுப்பினால் 62 எஃப்4 05 82 என்று வரும், கணக்கு அதுவே. பழைய ஒரு பைட் எண்ணுக்கு முன்னால் எஃப்4 சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். மோட் 06இன் சோதனை முடிவுகள் எஃப்6 என்ற முன்னொட்டின் கீழும், மோட் 09இன் வண்டி விவரங்கள் எஃப்8இன் கீழும் சென்றன. எந்தெந்த அளவீடுகளை வண்டி தரும் என்பதை அறிய முன்பு 00, 20, 40 என்று கேட்ட பட்டியல்களையும் எஃப்4 சேர்த்து அப்படியே கேட்கலாம். மோட் 08 மட்டும் 31 என்ற ரொட்டீன் சேவைக்குப் போகிறது. பெரும்பாலான கருவிகளில் அது இருப்பதே இல்லை.

இந்தப் பகுதி விரைவில் முடிந்துவிடும் என்பதால், முழு மாற்றமும் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்து மேலாளரிடம் நாள் குறித்துக் கொடுத்துவிடுவோர் உண்டு. வேலை இருப்பது அடுத்த பகுதியில்.

கடினமான பகுதி: பழுதுக் குறியீடு

பழைய மொழியில் வண்டிதான் பேச்சின் மையம். வண்டியில் என்னென்ன பழுது, வண்டியின் ஃப்ரீஸ் ஃப்ரேம் (பழுது பதிவான கணத்தின் அளவீடுகள்) என்ன, வண்டி சோதனைக்குத் தயாரா என்பவை கேள்விகள். புதிய மொழியில் மையத்துக்கு வந்திருப்பது ஒவ்வொரு பழுதுக் குறியீடும். ஒவ்வொன்றுக்கும் தனி நிலை, தனி ஃப்ரீஸ் ஃப்ரேம்கள், தனி வரலாறு. உங்கள் தரவு அமைப்பில் “வண்டி” என்ற பெட்டிக்குள் எழுத்துப் பட்டியலாகக் குறியீடுகள் கிடந்தால், அதைப் பிரித்து ஒவ்வொரு குறியீட்டையும் தனிப் பொருளாக ஆக்குங்கள். இதைச் செய்யாமல் மேலோட்டமாக ஒட்டுப்போட்டால், ஒவ்வொரு புதிய வசதிக்கும் ஒரு புதிய ஒட்டு தேவைப்படும்.

குறியீடு இரண்டு பைட்டிலிருந்து மூன்று பைட் ஆகியிருக்கிறது. மூன்றாவது பைட் பழுதின் வகையைச் சொல்கிறது: 11 என்றால் சர்க்யூட் எர்த்துடன் ஷார்ட், 12 என்றால் பேட்டரியுடன் ஷார்ட், 13 என்றால் சர்க்யூட் திறந்திருக்கிறது. முன்பு கூலன்ட் சென்சாரின் சிக்னல் தாழ்ந்தால் பி0117, உயர்ந்தால் பி0118 என்று தனித்தனி எண் தேவைப்பட்டது. இப்போது பி0115 என்ற ஒரே எண்ணுக்குப் பின்னால் வகையைச் சேர்த்து பி0115-11, பி0115-12 என்று சொல்ல முடியும். மெக்கானிக்குக்கு இது நல்லது. உங்கள் தரவுத்தளத்தில் குறியீட்டுக்கு ஐந்து எழுத்து இடம் மட்டும் ஒதுக்கப்பட்டிருந்தால், இரண்டு வெவ்வேறு பழுதுகளும் வெட்டுப்பட்டு ஒன்றாகிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. பிரின்ட் எடுக்கும் தாளின் அகலம், பழுது விளக்க அட்டவணையின் திறவுகோல், சர்வருக்கு அனுப்பும் செய்தியின் வடிவம் ஆகிய மூன்றையும் இதே கண்ணோடு பாருங்கள். வினையூக்கி மாற்றியின் பி0420 போன்றவற்றில் வகை 00 என்று வரலாம். அதற்காக அந்தப் பைட்டைத் தூக்கி எறியாதீர்கள்.

மோட் 03க்குப் பதிலாக 19 42 33 08 என்று தொடங்கும் கேள்வியை அனுப்ப வேண்டும். இறுதியில் தீவிரத்துக்கான மாஸ்க் பைட் ஒன்று சேரும். 33 என்பது உமிழ்வு சார்ந்த குழுவின் எண். 08 என்பது உறுதியான பழுதுகளை மட்டும் கேட்கும் மாஸ்க். அந்த இடத்தில் 04 வைத்தால் மோட் 07இல் கேட்டு வந்த நிலுவைப் பழுதுகள் கிடைக்கும். மோட் 0ஏ வழியே கேட்டு வந்த நிரந்தரப் பழுதுகளுக்கு 19 55 33.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. 42க்கான பதிலில் தலைப்பகுதி ஆறு பைட். அதன்பின் ஒவ்வொரு பழுதுக்கும் தீவிரம் ஒன்று, குறியீடு மூன்று, நிலை ஒன்று என ஐந்து பைட். 55க்கான பதிலில் தீவிரமே இல்லை. ஆகவே தலைப்பகுதி ஐந்து பைட், ஒவ்வொரு பழுதுக்கும் நான்கு. இரண்டுக்கும் ஒரே பகுப்பியைப் பயன்படுத்தினால் முதல் பழுதே பிசகிவரும். இரண்டாவதிலிருந்து உலகில் இல்லாத குறியீடுகள் தோன்றும்.

நிலை பைட்டின் எட்டு பிட்டுகளையும் பிரித்துப் படிக்கக் கற்றுக்கொடுங்கள். கீழிருந்து எண்ணினால் 0வது பிட், கடைசியாக நடந்த சோதனை தோற்றது என்பதைக் குறிக்கும், 1வது, இந்த ஓட்டத்தில் சோதனை தோற்றிருக்கிறது, 2வது நிலுவை, 3வது உறுதி, 4வது, அழித்த பிறகு சோதனை இன்னும் முடியவில்லை, 5வது, அழித்த பிறகு ஒருமுறையேனும் தோற்றிருக்கிறது, 6வது, இந்த ஓட்டத்தில் சோதனை இன்னும் முடியவில்லை, 7வது, எச்சரிக்கை விளக்கை எரியச் சொல்கிறது.

பதினறும எண்ணில் 28 என்ற நிலையை எடுத்துக்கொள்வோம். 5வதும் 3வதும் மட்டும் எரிகின்றன. பழுது உறுதியாகி, பிறகு சரியாகி, தொடர்ந்து மூன்று டிரைவ் சைக்கிளில் (ஓட்டச் சுற்றில்) சோதனை தேறியதால் விளக்கு அணைந்துவிட்டது. ஆனால் 40 வார்ம்-அப் சைக்கிள் (என்ஜின் சூடாகும் சுற்று) முடியும்வரை நினைவில் இருக்க வேண்டிய குறியீடு இன்னும் அங்கேயே இருக்கிறது. “விளக்கு எரியவில்லையே, ஏன் குறியீடு காட்டுகிறது” என்று வாடிக்கையாளர் கேட்கும் கேள்விக்கு, இந்த ஒரே பைட்டை வைத்துக்கொண்டு மெக்கானிக் பதில் சொல்லிவிடலாம்.

50 என்ற நிலையோ வேறு கதை. 6வதும் 4வதும் எரிகின்றன; அழித்த பிறகு சோதனையே நடக்கவில்லை என்று பொருள். ரெடினெஸ் (சோதனைக்குத் தயார்நிலை) குழுவாரியாகக் குறியீடுகளைக் கேட்கும் 19 56 போன்ற புதிய கேள்விகளுக்கு இ.சி.யு. தன்னிடமுள்ள குறியீடுகளை நிலையோடு தரும். அவற்றில் பல 50 என்றே வரக்கூடும். பட்டியலில் பெயர் இருப்பதாலேயே பழுது என்று கருதும் பழைய பழக்கம் இங்கே தொடர்ந்தால், பேட்டரி மாற்றிய நல்ல வண்டிக்கும் நாற்பது பழுது என்று கருவி அலறும்.

ஃப்ரீஸ் ஃப்ரேம்

முன்பு கட்டாயமாக இருந்தது வண்டிக்கு ஒரே ஃப்ரேம். மோட் 02இல் வேண்டிய அளவீட்டை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கலாம். இப்போது 19 04 என்று தொடங்கி, குறியீட்டின் மூன்று பைட்டையும் பதிவு எண்ணையும் கொடுத்தால், அந்தப் பழுதுக்குரிய ஃப்ரேம் முழுவதும் ஒரே பதிலாக வந்து விழும். ஓர் அளவீட்டின் இரண்டு பைட் எண், அதையடுத்து அதன் மதிப்பு, அடுத்த எண், அதன் மதிப்பு என்று கோத்த சரமாக வரும். மதிப்பு எத்தனை பைட் நீளம் என்பதை அந்தச் சரம் எங்கும் சொல்லாது. எஃப்4 05 என்றால் ஒரு பைட் என்பதைக் கருவி முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். அறியாத எண் ஒன்று நடுவில் வந்தால், அது மட்டுமன்றி அதற்குப் பின்னால் உள்ள அனைத்தும் பொருளற்றுப் போகும்.

ஆகவே நீள அட்டவணையை நிரலுக்குள் எழுதிப் பூட்டாமல் தனிக் கோப்பாக வையுங்கள். கருவியின் மென்பொருளைத் தொடாமலே அதைப் புதுப்பிக்க முடிய வேண்டும். அறியாத எண்ணைச் சந்தித்தால் அதுவரை படித்ததைக் காட்டி, மிச்சத்தைப் பகுக்கப்படாத பைட்டுகளாக வைத்துவிடுங்கள். ஊகித்து ஓர் எண்ணைக் காட்டுவதைவிட வெற்றிடம் காட்டுவது மேல்.

நீண்ட பதில்களும் பல குரல்களும்

கேன் செய்தி ஒன்றில் எட்டு பைட்தான் அடங்கும். நாற்பது பழுது உள்ள பதில் 206 பைட் வரும். அது துண்டு துண்டாக வரவேண்டும். பழைய மொழியிலும் வண்டியின் 17 எழுத்து அடையாள எண்ணுக்கு இது தேவைப்பட்டது என்பதால், எல்லாக் கருவியிலும் துண்டுகளைச் சேர்க்கும் பகுதி இருக்கும்; ஆனால் பல கருவிகளில் அது அந்த 17 எழுத்தைத் தாண்டிச் சோதிக்கப்பட்டதே இல்லை. கேள்வி பொது முகவரிக்குப் போனாலும், 7இ8இலிருந்து முதல் துண்டு வந்தவுடன் “மிச்சத்தை அனுப்பு” என்று சொல்லும் 30 00 00ஐ 7இ0க்குத்தான் அனுப்ப வேண்டும். கியர்பாக்ஸின் இ.சி.யு.வும் அதே நேரத்தில் பேசத் தொடங்கினால் துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று கலந்துவரும். முகவரிவாரியாகத் தனித்தனிக் கிண்ணத்தில் சேருங்கள். முதல் பதில் வந்ததும் கேட்பதை நிறுத்திவிடாதீர்கள். 7இ8 முதல் 7இஎஃப் வரை எட்டுப் பேர் பேசலாம்.

7எஃப் என்று தொடங்கி 78இல் முடியும் பதில் மறுப்பு அன்று. கொஞ்சம் பொறு என்ற வேண்டுகோள். வழக்கமான 50 மில்லி விநாடிக் காத்திருப்பை அப்போது 5 விநாடியாக நீட்ட வேண்டும். புளூடூத் அடாப்டர்களின் மலிவான நகல்கள் சிலவற்றில் நீண்ட பதில்கள் பாதியில் அறுந்துபோவது உண்டு. முதல் துண்டு அறிவித்த நீளமும் உண்மையில் வந்து சேர்ந்த நீளமும் பொருந்தாவிட்டால் பதிலை முழுவதுமாக நிராகரித்து மறுபடி கேளுங்கள்.

அழிக்கும்போது கவனம்

மோட் 04க்குப் பதிலாக இப்போது 14 எஃப்எஃப் எஃப்எஃப் 33. கடைசி பைட்டில் 33க்குப் பதில் எஃப்எஃப் என்று எழுதினால், உமிழ்வு மட்டுமன்றி எல்லாக் குழுவின் பழுதுகளையும் அழிக்கச் சொல்வதாகும். ஏர்பேக், பிரேக் பழுதுகளின் தடயமும் அதோடு போய்விடக்கூடும். யு.டி.எஸ்.ஸில் பழகிய கைகள் பழக்கதோஷத்தில் எஃப்எஃப் அடிப்பதை நான் பார்த்திருக்கிறேன். அதே கைகள் 10 03 என்று அனுப்பி அமர்வை மாற்றவும் முயலும். சட்டம் கோரும் தகவல் அனைத்தும் இயல்பான அமர்விலேயே, பூட்டு எதுவும் திறக்காமல் கிடைக்க வேண்டும் என்பதால் அதற்குத் தேவையே இல்லை. 7எஃப் 14 22 என்று பதில் வந்தால் நிபந்தனை சரியில்லை என்று பொருள். சாவியை ஆன் செய்து என்ஜினை நிறுத்திவிட்டு மறுபடி முயலச் சொல்லி ஓட்டுநருக்கு எழுதுங்கள்.

நிரந்தரப் பழுதுகள் எந்தக் கருவிக்கும் அழியா. அந்தச் சோதனை மீண்டும் நடந்து தேறிய பிறகு இ.சி.யு.தான் அதை நீக்கும். கலிபோர்னியாவின் புகைச் சோதனையில் 2019 ஜூலை 1 முதல் நிரந்தரப் பழுது இருந்தாலே வண்டி தோற்கும். அழித்த பிறகு 15 வார்ம்-அப் சைக்கிளும் 200 மைலும் கடந்திருந்தால் மட்டும் அதைப் பொருட்படுத்துவதில்லை. அந்த இரண்டு எண்களும் எஃப்4 30, எஃப்4 31 ஆகியவற்றில் கிடைக்கும். எஃப்4 31 தருவது கிலோமீட்டர். 200 மைல் என்பது சுமார் 322 கிலோமீட்டர். திரையில் மைல் காட்டுவதற்காக எண்ணை மாற்றி, பிறகு மாற்றிய எண்ணை மறுபடி 322உடன் ஒப்பிட்டுவிடாதபடி, ஒப்பீட்டைக் கச்சா மதிப்பிலேயே செய்து முடித்துவிடுங்கள்.

வெளியிடும் முன்

மேசையில் ஒரு மாதிரி இ.சி.யு. இருந்தால் போதாது, வேண்டுமென்றே தொல்லை கொடுக்கும் ஒன்று வேண்டும். இரண்டு முகவரிகளிலிருந்து கலந்து பேசுவது, மூன்று முறை தொடர்ந்து 78 அனுப்பிவிட்டுப் பிறகு பதில் தருவது, ஃப்ரீஸ் ஃப்ரேமின் நடுவில் அறியாத எண் ஒன்றைச் செருகுவது, நீண்ட பதிலின் ஐந்தாம் துண்டை விழுங்கிவிடுவது, முற்றிலும் மௌனமாக இருப்பது ஆகிய அனைத்தையும் அது செய்ய வேண்டும். சிறிய மைக்ரோகன்ட்ரோலர் போர்டு ஒன்றும் கேன் டிரான்சீவர் ஒன்றும் இருந்தால் இதை நீங்களே செய்துகொள்ளலாம். பழைய மொழிக்கான சோதனைகளையும் ஒவ்வொரு வெளியீட்டிலும் ஓட்டுங்கள். புதியதைச் சேர்க்கும் பரபரப்பில் முதலில் உடைவது 2008க்கு முந்தைய வண்டிகள்தான்.

கருவி காட்டும் ஒவ்வோர் அறிக்கையோடும், அனுப்பிய பைட்டுகளையும் வந்த பைட்டுகளையும் நேரத்துடன் அப்படியே சேமித்து வையுங்கள். ஏதோ ஒரு புதிய வண்டியில் கருவி தவறாகச் சொல்கிறது என்று பட்டறையிலிருந்து அழைப்பு வரும்போது, அந்த வண்டி உங்கள் மேசைக்கு வராது, பதிவு வரும். அதில் 62 எஃப்8 10 01 இருக்கிறதா என்று பார்ப்பதிலிருந்து தொடங்கலாம்.